கெரட்டோலிட்டிக்: கரைப்பான் அல்ல, செதில்நெகிழ்த்தி

இக்தியோசிஸ் உள்ளவர்களுக்குத் தோல் மருத்துவர் எழுதித்தரும் களிம்புகளில் யூரியாவோ, லாக்டிக் அமிலமோ, சாலிசிலிக் அமிலமோ இருக்கும். இந்த வகை மருந்துகளின் பொதுப்பெயர்தான் கெரட்டோலிட்டிக். இக்தியோசிஸ் என்பது மீனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான 'இக்துஸ்' என்பதிலிருந்து வந்தது. தோல் வறண்டு மீன் செதில்போல் தடிக்கும் இதைத் தமிழில் மீன்செதில் நோய் என்கிறோம். பெரும்பாலும் மரபணு வழியே வருவது, ஒட்டிக்கொள்ளாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். பள்ளியில் பக்கத்தில் உட்கார மறுக்கப்படும் பிள்ளைகள் இன்றும் உண்டு.

கெரட்டோலிட்டிக்கில் இரண்டு கிரேக்க வேர்கள். 'கெரஸ்' என்றால் கொம்பு. கொம்பு, நகம், முடி, மேல்தோல் எல்லாவற்றிலும் உள்ள புரதத்துக்குக் கெரட்டின் என்ற பெயர் அதிலிருந்தே வந்தது. 'லைசிஸ்' என்றால் அவிழ்த்தல், தளர்த்தல். பலர் 'கெரட்டின் கரைப்பான்' என்று தமிழாக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சாலிசிலிக் அமிலம் கெரட்டினைக் கரைப்பதில்லை. மேல்தோலின் இறந்த செல்களை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் கட்டுகளைத் தளர்த்துகிறது, அவ்வளவே. யூரியா குறைந்த அளவில் (10 சதவீதம் வரை) தண்ணீரைப் பிடித்துவைக்கும். அளவு கூடக்கூடச் செதிலைத் தளர்த்தும்.

நோயின் இயல்பும் இதையே சொல்கிறது. ஆண் குழந்தைகளிடம் அதிகம் காணப்படும், எக்ஸ் குரோமோசோம் வழியே வரும் இக்தியோசிஸ் வகையில் ஸ்டீராய்டு சல்ஃபடேஸ் என்ற நொதி இல்லாததால் கொலஸ்ட்ரால் சல்ஃபேட் என்ற பொருள் தோலில் தேங்கிவிடுகிறது. அதனால் தானாக அவிழ வேண்டிய கட்டுகள் அவிழாமல், கால்களிலும் கைகளிலும் பழுப்புச் செதில் தடித்து நிற்கிறது. அவிழாததை அவிழ்க்கும் மருந்துக்குச் 'செதில்நெகிழ்த்தி' என்ற பெயரே பொருந்தும்.

கரைப்பான் என்று பெயர் வைத்தால், நிறையப் பூசி நார் போட்டுத் தேய்த்தால் சீக்கிரம் போய்விடும் என்ற எண்ணம் வரும். அது ஆபத்து. குளித்து, தண்ணீரை ஒற்றி எடுத்து, ஈரம் காயுமுன் மெல்லிசாகப் பூசினால் போதும். வெடிப்பு உள்ள இடத்தில் யூரியா எரியும். அங்கே வாசலின் போடலாம். கைக்குழந்தைக்கு நீங்களாக எதையும் வாங்கிப் பூச வேண்டாம். சாலிசிலிக் அமிலத்தை உடம்பு முழுக்கப் பூசினால் அது தோல் வழியே ரத்தத்தில் கலந்து, காதில் இரைச்சல், வேகமான மூச்சு, வாந்தி என்று நஞ்சாகலாம். இந்த அறிகுறி தெரிந்தால் களிம்பைக் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.