உங்கள் குடல் லோங்காங் அல்ல

போன வாரம் ஓர் அக்காவை அவர் மகன் தாங்கிப் பிடித்தபடி கிளினிக்குக்குள் கூட்டி வந்தான். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிறவர், ஐம்பதைத் தாண்டிய வயது. கை நடுங்குகிறது, உடம்பெல்லாம் வேர்வை, பேச்சு குழறுகிறது. விரலில் குத்திப் பார்த்தால் இரத்தச் சர்க்கரை 2.4 mmol/L, ஆபத்தான அளவுக்குக் குறைவு. மூன்று நாளாகக் ‘குடல் சுத்தம்’ செய்கிறாராம். தெரிந்தவர் விற்ற பொடி, 160 வெள்ளி (ரிங்கிட்). சோறு கிடையாது, பொடியும் தண்ணீரும் மட்டும். இனிப்புநீர் (நீரிழிவு) மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் போட்டிருக்கிறார். அது கணையத்தை முடுக்கி இன்சுலினைச் சுரக்க வைக்கிற வகை மாத்திரை. சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது கேட்காது.

குளுக்கோஸ் ஏறி, கண் தெளிந்ததும் அக்கா முதலில் போனைத்தான் எடுத்தார். “பாருங்க டாக்டர், எவ்ளோ அழுக்கு வந்திருக்குன்னு.” கறுப்பாக, வழவழவென்று, கயிறு மாதிரி ஒன்று.

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊரில் கிளினிக் வைத்திருக்கும் நான் இதே படத்தை எத்தனை பேருடைய போனில் பார்த்துவிட்டேன்! விற்கிறவர்களும் இதே மாதிரிப் படத்தைக் காட்டித்தான் விற்கிறார்கள். அதனால் முதலில் அந்தக் கயிற்றைப் பற்றிப் பேசிவிடுவோம்.

இந்தப் பொடிகள் பலவற்றில் இருப்பது இசப்கோல் உமி. சிலவற்றில் களிமண் வகை ஒன்றும் சேர்ந்திருக்கும். வீட்டிலேயே ஒரு கரண்டி பொடியை அரை கிளாஸ் தண்ணீரில் போட்டுப் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். ஊதிப் பெருத்து, கொழகொழவென்று கட்டியாகிவிடும். வயிற்றுக்குள்ளும் அதேதான் நடக்கிறது. குடல் ஒரு குழாய் என்பதால் அந்தக் கட்டி கயிறு வடிவம் எடுக்கிறது. பித்தநீரின் நிறம் ஏறிக் கறுத்துப் போகிறது. நீங்கள் காசு கொடுத்து வாங்கி விழுங்கியதுதான் அப்படியே வெளியே வந்திருக்கிறது. பொடி குடிப்பதற்கு முன்னால் அது உங்கள் வயிற்றில் இல்லை.

“பத்து வருஷ அழுக்கு சுவத்துல ஒட்டியிருக்குமாமே?” ஒட்டாது. கடைத்தெருவில் லோங்காங் (சாக்கடைக் கால்வாய்) அடைத்துக்கொண்டால் பாசியும் சேறும் ஒட்டும், ஏனென்றால் அது சிமெண்டு. குடலின் உள்பக்கம் உயிருள்ள தோல் மாதிரி. அதை மூடியிருக்கும் செல்கள் மூன்று முதல் ஐந்து நாளுக்குள் உதிர்ந்து, புதியவை வந்துவிடுகின்றன. சுவரே ஒரு வாரம் நிற்காத இடத்தில் பத்து வருட அழுக்கு எதில் ஒட்டிக்கொண்டிருக்கும்? கொலோனோஸ்கோப்பி செய்யும் மருத்துவர்கள் தினமும் கேமராவை விட்டு உள்ளே பார்க்கிறார்கள். பழைய அழுக்குப் படலத்தை அவர்களில் யாரும் கண்டதில்லை. (அந்தச் சோதனைக்கு முதல்நாள் பேதி மருந்து கொடுப்பது கேமராவுக்குச் சுவர் தெரிவதற்காக. அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடாதீர்கள்.)

இந்த நம்பிக்கை பழையது. நூறு வருடத்துக்கு முன் லண்டனில் ஆர்பத்நாட் லேன் என்ற பெரிய அறுவை மருத்துவர், மலம் தேங்கினால் உடம்பெல்லாம் விஷமாகும் என்று நம்பி நோயாளிகளின் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். 1919இல் அமெரிக்காவில் வால்டர் அல்வாரெஸ் என்ற மருத்துவர் ஓர் எளிய கேள்வி கேட்டார்: மலம் கழித்த உடனே தலைவலியும் மந்தமும் போய்விடுகிறதே, இரத்தத்தில் விஷம் கலந்திருந்தால் அவ்வளவு சீக்கிரம் போகுமா? மலக்குடல் உப்பி இழுபடுவதால் வருகிற தொந்தரவு அது.

சரி, ‘குடல் சுத்தம்’ என்று பேதிக்குக் குடித்தால் வெளியே போவது என்ன? வாய், இரைப்பை எல்லாம் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். ஆறு மீட்டர் சிறுகுடலுக்கு வருவோம். சோற்றின் மாவுச்சத்து, மீனின் புரதம், எண்ணெய் எல்லாம் அங்கேதான் உடைந்து, உள்சுவரில் விரல் விரலாக நிற்கும் உறிஞ்சிகள் வழியாக உள்ளே போகின்றன. ஒரு நாளைக்குச் சுமார் 9 லிட்டர் நீர் குடலுக்குள் இறங்குகிறது. நீங்கள் குடிப்பது 2 லிட்டர். மீதி 7 லிட்டரும் உங்கள் உடம்பே சுரந்த எச்சில், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர், குடல் நீர். இவ்வளவையும் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. மலத்தோடு போவது 100, 200 மில்லிதான். பேதி மருந்து இந்த மீட்பைக் கெடுக்கிறது. போவது உங்கள் தண்ணீர், சோடியம், பொட்டாசியம். பொட்டாசியம் இறங்கினால் இதயத் துடிப்பு தடுமாறும். சில நேரம் நீங்கள் போட்ட மாத்திரையும் வேலை செய்யாமலே கூடப் போய்விடும்.

இரண்டு கிலோ குறைந்தது என்று சந்தோஷப்படுகிறவர்களுக்கு: அது தண்ணீர். பேதியாக்கும் சென்னா (நிலாவரை) இலை கலந்த பானங்கள் வேலை செய்வது பெருங்குடலில். சோற்றின் சத்து அதற்கு முன்பே சிறுகுடலில் உடம்புக்குள் போய்விட்டது. இன்னொன்று, சென்னாவை மாதக்கணக்கில் குடிப்பவர்களின் பெருங்குடல் உள்சுவர் பழுப்பாக, கறுப்பாகக்கூட மாறிவிடலாம். நிறுத்தினால் மெல்லத் தெளியும்.

“எங்க பாட்டி விளக்கெண்ணெய் கொடுத்தாங்களே” என்பீர்கள். கொடுத்தார்கள். அப்போது ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்கு வெறுங்காலோடு போனார்கள், கக்கூஸ் வசதியும் சரியாக இல்லை, கொக்கிப்புழு பாதத் தோல் வழியாக ஏறி இரத்தத்தைக் குடித்தது. புழு மருந்து கொடுத்துவிட்டுப் பேதிக்கும் கொடுப்பதுதான் அன்றைய முறை. இன்றைக்குப் பெரியவர்களுக்கு அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், ஒரே வேளை, பேதியே வேண்டாம். தயவுசெய்து பள்ளி விடுமுறை வந்தாலே பிள்ளைகளைப் பிடித்து உட்கார வைத்து எண்ணெய் ஊற்றாதீர்கள்.

இனிப்புநீர், இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, இதயநோய், கர்ப்பம் இருந்தால் இந்தப் பொடிகளைத் தொடவே கூடாது. பேதியாகிக்கொண்டிருக்கும்போது எந்த மாத்திரையைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மருந்து மாதிரி விற்கிறார்களா, பெட்டியில் ‘MAL’ என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டுவில்லையும் இருக்கிறதா பாருங்கள். மெலிய வைக்கும் பானங்கள் சிலவற்றில் சிபுட்ராமின் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை பிடித்திருக்கிறது. இதயத்துக்கு ஆபத்து என்று 2010இலேயே பல நாடுகள் கைவிட்ட மருந்து அது.

மலச்சிக்கலுக்கு? என்னிடம் வருகிற பலருக்குக் காரணம் விடியற்காலைத் தொழிற்சாலைப் பேருந்துதான். பசியாறினதும் குடல் தானாக அசையும், அந்த நேரத்தில் பேருந்துக்கு ஓடினால் அடக்கத்தான் வேண்டியிருக்கும். அரை மணி முன்னதாக எழுந்து பசியாறுங்கள். கீரை, பப்பாளி, தண்ணீர், கொஞ்சம் நடை. இசப்கோலே தேவைப்பட்டால் மருந்துக்கடையில் கேளுங்கள், 160 வெள்ளி ஆகாது.

ஆனால் மலத்தில் இரத்தம், தார் மாதிரிக் கறுப்பு மலம், காரணமில்லாமல் மெலிவது, சில வாரமாக மலப்போக்கு மாறியிருப்பது, இதற்கெல்லாம் பொடி குடித்து நாளைக் கடத்தாதீர்கள். பெருங்குடல் புற்றுநோய் நம் நாட்டில் அதிகம். தொந்தரவே இல்லாவிட்டாலும் 50 வயதானவர்கள் அரசாங்கக் கிளினிக்கில் மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைப் பார்க்கும் சோதனையைக் கேளுங்கள். அங்கே பார்க்க ஒரு வெள்ளிதான்.

அக்கா தேறிவிட்டார். பொடி இன்னும் பாதி டப்பா மிச்சம் இருக்கிறதாம், வீசி எறிய மனசு வரவில்லை என்றார். கொண்டு வாருங்கள் என்றேன். உங்கள் வீட்டில் இருந்தால் நீங்களும் கொண்டு வாருங்கள். திட்ட மாட்டேன். என்ன கலந்திருக்கிறது என்று சேர்ந்து உட்கார்ந்து படித்துப் பார்ப்போம்.