மாரிக்கு முன் பாடசாலையைத் துப்புரவாக்குவது யார் பொறுப்பு?

சோளகக் காற்று ஓய்ந்து மாரி மழை தொடங்கும் வரையான வாரங்கள்தான் வன்னிப் பாடசாலைகளை அடிமுதல் முடிவரை கழுவித் துடைக்க ஏற்ற காலம். ஆனால் பல இடங்களில் துப்புரவுக்கு நாள் குறிப்பது காலநிலை அல்ல, விழாதான். பரிசளிப்பு என்றாலோ, வலயத்திலிருந்து மேற்பார்வைக் குழு வருகிறது என்றாலோ ஒரு சிரமதானம் நடக்கும். முற்றத்துப் புல் செதுக்கப்படும், மதிலுக்கு வெள்ளை அடிக்கப்படும். தண்ணீர்த் தாங்கியின் அடியில் படிந்திருக்கும் சேற்றை மட்டும் எவரும் எட்டிப் பார்ப்பதில்லை.

அதற்குச் சட்டப் பொறுப்பும் இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம், நுளம்பு பெருகும் நிலையில் ஓர் இடத்தை வைத்திருக்கக் கூடாது என்று அதன் உரிமையாளருக்கும் அதைப் பயன்படுத்துவோருக்கும் கடமை விதிக்கிறது. பாடசாலை வளவு இதற்கு விலக்கல்ல. டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் நேரமும் அதுதான். அதன் முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டியிருக்கும். தண்ணீரைக் கவிழ்த்து ஊற்றிவிட்டாலும் அவை மாதக்கணக்கில் காய்ந்த நிலையில் உயிரோடு கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். எனவே பீப்பாயைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கூரைப் பீலிகளில் அடைத்த இலைகளுக்கும் இதே கவனிப்பு வேண்டும்.

பலருக்கும் தோன்றாத இடம் பூட்டிக் கிடக்கும் மலசலகூடம். 25 மாணவிகளுக்கு ஒன்று, 50 மாணவர்களுக்கு ஒன்றும் கூடவே ஒரு சிறுநீர் கழிப்பிடமும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். கணக்கில் அத்தனையும் இருக்கும். தண்ணீர் வராததால் இரண்டு பூட்டியிருக்கும். அந்த இரண்டின் கோப்பையிலும் நீர்த்தொட்டியிலும், தவணை விடுமுறை முழுவதும் அசையாமல் நிற்கும் தண்ணீரில் நுளம்பு வளரும். முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக ஏழு முதல் பத்து நாட்கள் போதும். பாடசாலை தொடங்கும் நாளன்று அல்ல, அதற்கு முதல் வாரமே கழுவ வேண்டும் என்பது இதனால்தான்.

ஒவ்வொரு பாடசாலையும் ஒரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுக்குள் வருகிறது. அப்பிரிவின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் குடிநீர், மலசலகூடம், சிற்றுண்டிச்சாலை, கழிவகற்றல் ஆகியவற்றைப் பார்வையிட்டுக் குறைகளை அதிபருக்கு அறிவிப்பது அவருடைய வழமையான கடமை. நுளம்புச் சட்டத்தின் கீழ் நடவடிக்கை எடுப்பவரும் அவரே. அவர் வந்தால் பாடசாலைக்கு இழுக்கு என்று நினைப்பது வீண் கூச்சம். நாமே அழைத்தால் எங்கே என்ன பிழை என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்.

காசு விடயத்தில், பாடசாலைகளுக்கு ஆண்டுதோறும் வரும் நிதி ஒதுக்கீடுகளின் செலவை அதிபரும் பாடசாலை அபிவிருத்திக் குழுவும் திட்டமிடுகிறார்கள். பெற்றோர் உறுப்பினராக இருக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் இருக்கிறது. அதன் தலைவர் அதிபரே. துப்புரவுப் பொருட்களுக்கு இவ்வாண்டு எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று பொதுக்கூட்டத்தில் கேட்பது பெற்றோரின் உரிமை. பிள்ளைகளிடம் காசு சேர்ப்பதற்குக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகள் வரம்பு வைத்திருக்கின்றன என்பதையும் நினைவில் வைத்திருங்கள். நிரம்பிய மலக்குழியைப் பிரதேச சபையின் பவுசரை அழைத்தே வெறுமையாக்க வேண்டும். மாரியில் அது வழிந்தால் கிணற்று நீரும் கெடும்.

வேலை செய்யும் முறையிலும் பிழைகள் நடக்கின்றன. உலர்ந்த தும்புத்தடியால் கூட்டினால் கிரவல் வீதிப் புழுதியும் வெண்கட்டித் தூளும் எழும்பி மறுபடி மேசையிலேயே இறங்கும். இழுப்பு உள்ள பிள்ளைகள்தான் முதலில் இருமுவார்கள். தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால், மின்விசிறி இதழ் தொடங்கி மேலிருந்து கீழாகத் துடைக்க வேண்டும். அஸ்பெஸ்ரஸ் சீற்றுகளை உலர்வாகச் சுரண்டவே கூடாது. அதன் நுண்ணிய நார் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது.

குளோரின் போடுவதற்கு முன் சவர்க்காரத்தால் கழுவுங்கள். அழுக்கின் மேல் ஊற்றிய குளோரின் வீணாகும். ஐந்து சதவீதக் கரைசல் என்றால், ஒரு லீற்றர் தண்ணீருக்கு 20 மில்லிலீற்றர் போதும். பூசிப் பத்து நிமிடம் விட்டுத் துடைக்கலாம். வன்னியின் கடினநீர் கோப்பையில் படியவிடும் வெள்ளைக் கறைக்குப் பலர் அசிட் ஊற்றுகிறார்கள். அதையும் குளோரினையும் ஒன்றாக ஊற்றினால் நச்சுவாயு கிளம்பும். மூடிய சிறிய மலசலகூடத்துக்குள் அது ஆளை மயக்கிவிடும். வகுப்பறையைப் பிள்ளைகள் கூட்டட்டும், அது நல்ல பழக்கம். அசிட்டும் மலசலகூடமும் வளர்ந்தவர்களின் வேலை.

இன்னொன்று, கொழும்பிலிருந்து வரும் வழிகாட்டல் ஏடுகளில் பெரிதாக இருக்காது. வளவின் மூலையில் குப்பையைக் குவித்துத் தீ மூட்டாதீர்கள். போர் நடந்த வன்னியில், கண்ணிவெடி அகற்றிய நிலத்திலும் புதைந்து கிடந்த வெடிபொருள் சூட்டில் வெடிக்கலாம். பற்றை வெட்டும்போது துருப்பிடித்த, அடையாளம் தெரியாத இரும்பு எதுவும் தென்பட்டால் தொடாமல், பிள்ளைகளை விலக்கி, பொலிஸாருக்கு அறிவியுங்கள். அவசர இலக்கம் 119.

2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியபோது இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குப் பாடசாலைக் கட்டடங்களே ஒதுங்கிடமாயின. அப்படி மக்கள் தங்கிச் சென்ற கட்டடத்தையும், வெள்ளம் புகுந்த கிணற்றையும் கழுவாமல் வகுப்பைத் தொடங்கக் கூடாது. கிணற்றை இறைத்து, குளோரின் இட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்த்துச் சொன்ன பிறகே பிள்ளைகள் குடிக்கலாம். சேறு கலந்த வெள்ளநீரில் எலிக்காய்ச்சல் கிருமியும் இருக்கலாம் என்பதால், கழுவ இறங்குவோருக்கு நீண்ட சப்பாத்தும் கையுறையும் கட்டாயம். காலில் வெட்டுக்காயம் உள்ளவரை இறக்காதீர்கள்.

வேலை நடக்கவில்லை என்றால் அதிபருக்கு எழுத்தில் கொடுங்கள், வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும். கடிதத்தின் பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் இல்லாவிட்டால் அந்தப் பிரதியோடு கோட்டக் கல்வி அலுவலகத்துக்கும், பிறகு வலயக் கல்விப் பணிப்பாளருக்கும் போகலாம். நுளம்பு, குடிநீர் தொடர்பான முறைப்பாட்டை இந்தப் படிகளில் ஏறாமல் நேரே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கொடுக்கலாம்.