ஹாரர்: பேய்ப்படமா, திகில் படமா?

ஹாரர் படம் என்று ஆங்கில வழியில் எழுதப்படுவதைக் கோயம்புத்தூர், ஈரோடு, சேலம் வட்டாரங்களில் பேச்சில் பேய்ப்படம் என்றே பெரும்பாலோர் சொல்கிறார்கள். அண்மையில் பழைய ஹாரர் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தேடிப் பார்த்து வந்தபோது, இந்தப் பெயர் அவற்றில் பலவற்றுக்குப் பொருந்தவில்லை என்பது எனக்கு உறுதியாயிற்று. ஆல்பிரட் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) படத்தை என்னுடன் அமர்ந்து பார்த்த அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர், "பேயே வரலீங்களே, அப்புறம் எப்படிங்க இது பேய்ப்படம்?" என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. ஹாரர் என்பது கதையில் வரும் பொருளின் பெயர் அன்று. பார்ப்பவரிடம் எழும் உணர்வின் பெயர். பேய்ப்படம் என்பதோ திரையில் தோன்றும் ஓர் உருவத்தைக் கொண்டு இடப்பட்ட பெயர். ஆகவே ஹாரர் என்பதற்கு ஈடான தமிழ்ச் சொல்லும் உணர்வைச் சுட்டுவதாகவே இருக்க வேண்டும்.

ஹாரர் லத்தீன் மொழியிலிருந்து வந்த சொல். 'ஹொர்ரேரே' என்ற லத்தீன் வினைக்கு மயிர் சிலிர்த்து நிற்றல் என்பதும் உடல் நடுங்குதல் என்பதும் பொருள்கள். குளிரால் வரும் நடுக்கத்துக்கும், அச்சத்தால் வரும் நடுக்கத்துக்கும், தெய்வத்தின் முன் நிற்கையில் வரும் நடுக்கத்துக்கும் லத்தீன்காரர்கள் இந்த ஒரு சொல்லையே ஆண்டார்கள். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபின் குளிர் நடுக்கமும் பக்தி நடுக்கமும் மெல்ல உதிர்ந்துபோக, அச்சமும் அருவருப்பும் கலந்த உணர்வு என்ற பொருளே அதில் தங்கியது.

அந்தக் கலப்பைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் ஆன் ராட்கிளிஃப் என்ற ஆங்கில நாவலாசிரியை. அவர் மறைந்த பிறகு 1826இல் வெளியான கட்டுரை ஒன்றில், டெரர் என்பது உயிரை விரியச் செய்து புலன்களை விழிக்கவைக்கும் என்றும், ஹாரர் அதே உயிரைச் சுருக்கி உறையச் செய்யும் என்றும் அவர் வேறுபடுத்தினார். வரப்போவது இன்னதென்று தெரியாமல் காத்திருக்கும்போது உள்ளது முன்னது. வந்ததைக் கண்ணால் கண்டபின் உள்ளது பின்னது. 'சைக்கோ'வில் துப்பறிவாளர் அந்த வீட்டின் மாடிப்படிகளில் ஒவ்வொன்றாக ஏறும் காட்சியையும், நிலவறையில் நாற்காலி திரும்பும் காட்சியையும் அடுத்தடுத்து நினைத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு விளங்கும். திரைப்பட வகையின் பெயராக ஹாரர் நிலைபெற்றது 1930களில்தான். 1931இல் யுனிவர்சல் நிறுவனத்தின் 'டிராகுலா', 'பிராங்கென்ஸ்டைன்' ஆகிய இரண்டும் வெளிவந்த பிறகு அந்தப் பெயர் பரவியது. பிரிட்டனின் தணிக்கை அமைப்பு இத்தகைய படங்களுக்கென்றே அந்தச் சொல்லின் முதலெழுத்தைக் கொண்ட தனிச் சான்றிதழ் ஒன்றை அதே பத்தாண்டில் ஏற்படுத்தி, 1951 வரை வழங்கியது.

இனித் தமிழுக்கு வருவோம். அச்சத்தைக் குறிக்கத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. "பேம்நாம் உரும்என வரூஉம் கிளவி, ஆமுறை மூன்றும் அச்சப் பொருள" என்று தொல்காப்பிய உரியியல் மூன்று சொற்களைத் தருகிறது. இவற்றுள் பேம் என்பது பேய் என்ற சொல்லோடு ஒலியில் நெருங்கி நிற்பது கவனிக்கத்தக்கது. அஞ்சு என்னும் வினையடியாகப் பிறந்த அச்சம் இன்றும் எழுத்தில் வாழ்கிறது. வெருவுதல், உட்குதல் ஆகியவை இலக்கியத்தோடு நின்றுவிட்டன. பயமும் பீதியும் வடமொழியிலிருந்து வந்து பேச்சில் கலந்தவை. மாடு கன்றுகளோடு பழகும் கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் மிரளுதல் என்பது மாட்டுக்கும் மனிதனுக்கும் பொதுவாக வழங்குகிறது. அச்சம் மிகும்போது குலை நடுங்கிப் போயிற்று என்பார்கள். மயிர் சிலிர்ப்பதைக் கொண்டு லத்தீன் செய்ததைத் தமிழ் ஈரற்குலையைக் கொண்டு செய்திருக்கிறது.

உள்ளத்து உணர்வு உடம்பில் வெளிப்படுவதையே தொல்காப்பியம் மெய்ப்பாடு என்கிறது. எட்டு மெய்ப்பாடுகளுள் அச்சம் ஒன்று. அது தோன்றும் நிலைக்களன்களை ஒரு நூற்பா வகுக்கிறது: "அணங்கே விலங்கே கள்வர்தம் இறைஎனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே." ஹாரர் படங்களைப் பார்ப்பவர் இந்த நூற்பாவைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன். அணங்கு என்பதற்குள் பேயையும் பூதத்தையும் உரையாசிரியர்கள் அடக்குவார்கள். 'தி எக்சார்சிஸ்ட்' (1973) அந்த வகையைச் சேர்ந்தது. 'ஜாஸ்' (1975) படத்தின் சுறா விலங்கு. 'சைக்கோ'வில் பேயும் இல்லை, விலங்கும் இல்லை. தனியே வழி வருபவரைக் கொல்லும் மனிதன் இருக்கிறான், அவன் கள்வர் என்ற வகையில் அடங்குவான். இறை என்பதுதான் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. தனக்கு மேல் தலைமை உடையவரிடம் கொள்ளும் அச்சம் அது. அரசன் மட்டுமல்லன், ஆசிரியனும் தந்தையும் அதில் அடங்குவர். 'தி ஷைனிங்' (1980) படத்தில் பனி சூழ்ந்த விடுதியில் ஆவிகள் உலவினாலும், சிறுவன் டேனியின் நடுக்கத்துக்குக் காரணம் தன்னைக் காக்க வேண்டிய தகப்பனே கோடரியைத் தூக்கிக்கொண்டு வருவதுதான். அந்தப் படத்தைப் பேய்ப்படம் என்று சொல்லிவிட்டால் அதன் நடுநாயகமான அச்சம் கணக்கில் வராமலே போய்விடுகிறது.

எனினும் அச்சம் என்ற சொல் மட்டும் ஹாரருக்கு ஈடாகாது. ராட்கிளிஃப் சொன்ன உறைநிலையில் அருவருப்புக்கும் பங்கு உண்டு. தொல்காப்பியம் இதை இளிவரல் என்ற வேறு மெய்ப்பாடாக வைத்து, மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகிய நான்கிலிருந்து அது பிறக்கும் என்கிறது. நோயுற்ற உடல், அழுகும் உடல், உருத்திரிந்த உடல் ஆகியவற்றைக் காட்டும் படங்கள் எல்லாம் அச்சத்தோடு இளிவரலையும் சேர்த்தே நம்மிடம் எழுப்புகின்றன.

அஞ்சியவனை மேடையில் எப்படி நடித்துக் காட்டுவது என்பதற்கும் தமிழில் இலக்கணம் உண்டு. அதை நமக்குக் காத்துக் கொடுத்தவர் சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்கு நல்லார். அவர் கொங்கு நாட்டு நிரம்பையைச் சேர்ந்தவர் என்பது மரபு. அந்த ஊர் பெருந்துறைக்கு அருகிலுள்ள விசயமங்கலம் பகுதியைச் சேர்ந்தது என்பர். அரங்கேற்று காதைக்கு எழுதிய உரையில் அவிநய வகைகளுக்குரிய பழைய நூற்பாக்களை அவர் எடுத்துக் காட்டுகிறார். அவற்றின்படி அச்சமுற்றவனுக்கு ஒடுங்கிய உடம்பும், நடுங்கிய நிலையும், அலங்கிய கண்ணும், கலங்கிய உள்ளமும், கையை எதிரே நீட்டி மறுத்தலும் உரியவை. குளியலறைத் திரை விலகும் கணத்தில் 'சைக்கோ'வின் நாயகி செய்வது ஏறத்தாழ இதுவே. நம் மண்ணில் பிறந்த ஒருவர் பல நூற்றாண்டுகளுக்கு முன் எழுதிய உரையில் இந்த வரிகளைப் படிக்கும்போது எனக்கு உண்டாகும் பெருமிதத்தை மறைக்க விரும்பவில்லை.

சொல்லின் வேர்ப்பொருளை மட்டும் பார்த்தால் ஹாரருக்கு மிக நெருங்கிய தமிழ்ச் சொல் விதிர்ப்பு. "அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கம் செய்யும்" என்பது உரியியல். "மெய்தான் அரும்பி விதிர்விதிர்த்து" என்று மாணிக்கவாசகர் திருச்சதகத்தைத் தொடங்கும்போது மயிர்க்கூச்செறிதலும் உடல் நடுக்கமும் ஒரே வரியில் வந்துவிடுகின்றன. லத்தீன் வினையின் இரு பொருள்களும் அங்கே முழுமையாக உள்ளன. ஆனால் அது அடியவன் இறைவன் முன் கொள்ளும் நடுக்கம். ஆங்கிலம் இழந்துவிட்ட அந்தப் பக்திப் பொருளைத் தமிழ் விதிர்ப்பு இன்னும் இழக்கவில்லை. கொங்கு நாட்டின் அண்ணன்மார் கதையை ஒட்டி நடக்கும் படுகளம் என்ற சடங்கில், களத்தில் மாண்டவர்களாக நிலத்தில் விழுந்து கிடப்பவர்களைத் தெய்வத்தின் பெயரால் எழுப்புவார்கள். இறந்தவர் எழுவது என்ற நிகழ்வு அங்கேயும் உண்டு. ஆனால் சூழ நிற்பவர்கள் கைகூப்புகிறார்களே அன்றி ஓடி ஒளிவதில்லை. அந்த நடுக்கத்துக்கு விதிர்ப்பு என்று பெயர் சொல்லலாம். அதே பெயரைப் பிணம் எழுந்து மனிதரைத் தின்னும் படத்துக்கும் இடுவதை நான் ஏற்கமாட்டேன்.

எனவே எஞ்சி நிற்பது திகில். அதுவே தக்க சொல் என்பது என் முடிவு. கன்னடத்தில் திகில் என்றும் தெலுங்கில் திகுலு என்றும் வழங்கும் சொற்களுக்கு உறவானது இது. தெலுங்கில் கவலை, துயரம் என்ற பொருளும் சேர்ந்திருக்க, கன்னடத்திலும் தமிழிலும் திடுமெனப் பற்றும் பேரச்சம் என்பதே முதன்மைப் பொருள். திம்பம் மலைப்பாதை ஏறித் தாளவாடிக்குப் போனால் தமிழும் கன்னடமும் ஒரே கடைவாசலில் புழங்குவதைக் காணலாம். அத்தகைய எல்லை நாட்டுக்காரர்களுக்கு இந்தச் சொல் இருபுறமும் பழகியதாகவே இருக்கும். உணர்வைச் சுட்டுவதாலும், திகிலூட்டும், திகிலடைந்தான் என வினையாக்க இடம் தருவதாலும், வார இதழ்த் தொடர்கதைகள் வழியாக ஏற்கெனவே எல்லோரிடமும் சென்று சேர்ந்துவிட்டதாலும் அது ஹாரரின் இடத்தைத் தாங்க வல்லது.

ஒரு தடை மட்டும் உண்டு. துப்பறியும் கதை, கொலைக் கதை, துரத்தல் கதை எல்லாவற்றுக்கும் திகில் என்ற ஒரே முத்திரையைக் குத்துகிறோம். திரில்லரைப் பரபரப்புப் படம் என்றும், விடை மறைத்து வைக்கப்பட்ட கதையை மர்மப் படம் என்றும் பிரித்துவிட்டால் திகில் தனக்குரிய இடத்தில் நிற்கும். காங்கேயத்துக்காரரான பி. எஸ். வீரப்பா தயாரித்து 1966இல் வெளிவந்த 'யார் நீ?' படத்தை எடுத்துக்கொள்வோம். இந்தியில் வந்த 'வோ கௌன் தீ' என்ற படத்தின் தழுவல் அது. மழையில் நிற்கும் வெள்ளைப் புடவைப் பெண் ஆவியோ என்று நம்மை ஐயுற வைத்து, முடிவில் எல்லாம் மனிதச் சூழ்ச்சி என்று அவிழ்க்கிறது. ஆகவே திகிலைக் கருவியாகக் கொண்ட மர்மப் படம் என்பதே அதற்குப் பொருத்தமான விளக்கம். இவ்வாறு வகுத்துக்கொண்டால் உட்பிரிவுகளுக்கும் பெயர் எளிதில் அமையும். ஆவி வரும் படம் பேய்த் திகில்; உடல் திரிபைக் காட்டுவது உடல் திகில்; ஊர்த்தெய்வம், சடங்கு, பலி ஆகியவற்றைச் சுற்றி அமைவது நாட்டார் திகில். பேய்ப்படம் என்ற வழக்கும் அழிய வேண்டியதில்லை. அது திகிலின் ஒரு கிளைக்கு உரிய நல்ல தமிழ்ப் பெயர்.

திகில் படங்களைப் பற்றிய பேச்சில் கிளாசிக், கல்ட் என்ற இரு சொற்களும் ஓயாமல் வருவதால் அவற்றையும் சொல்லிவிடுகிறேன். கிளாசிக் என்பதில் சிக்கல் குறைவு. ரோமானியர் சொத்தின் அளவால் குடிமக்களை வகுத்தபோது முதல் வகுப்பினரைக் குறித்த சொல் 'கிளாசிகஸ்', கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஔலுஸ் கெல்லியுஸ் என்ற ரோமானிய எழுத்தாளர் அதை உயர்ந்த எழுத்தாளருக்கு ஏற்றிச் சொன்னார். செம்மை என்ற பண்படியாகப் பிறந்த செவ்வியல் அதற்கு முற்றிலும் பொருந்தும். 2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபின் இச்சொல்லின் பொருளை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பழைய படம் எல்லாம் செவ்வியல் படம் ஆகிவிடாது என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்.

கல்ட் அவ்வளவு எளிதன்று. உழுதல், பேணுதல், வழிபடுதல் என்னும் பொருள்களையுடைய 'கொலெரே' என்ற லத்தீன் வினையின் வழிவந்தது அது. பண்பாட்டைக் குறிக்கும் கல்ச்சரும் அதே வேரில் முளைத்ததுதான். சிறு குழுவின் தீவிர வழிபாடு என்ற பொருளிலிருந்து அது திரைப்படத்துக்கு வந்தது. 1970 டிசம்பரில் நியூயார்க்கின் எல்ஜின் திரையரங்கில் 'எல் டோப்போ' நள்ளிரவுக் காட்சிகளாக ஓடத் தொடங்கியதும், 1975இல் தோற்ற 'தி ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ' அடுத்த ஆண்டு முதல் நள்ளிரவுக் காட்சிகளில் தனக்கென ஒரு கூட்டத்தைத் திரட்டியதும் இச்சொல்லை வலுப்படுத்தின. கொங்கு நாட்டில் கூட்டம் எனப்படும் ஒவ்வொரு குலப்பிரிவுக்கும் ஒரு குலதெய்வம் உண்டு. ஊரார் அனைவரும் அங்கே வருவதில்லை, ஆனால் வருபவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தவறுவதில்லை. கல்ட் படத்துக்கும் அதன் ரசிகருக்கும் உள்ள உறவு இத்தகையது. வழிபாட்டுப் படம் என்று மொழிபெயர்த்தால் பக்திப் படம் என்று பொருள்பட்டுவிடும். பற்றாளர் படம் என்பதை நான் முன்வைக்கிறேன். கல்ட் ஃபாலோயிங் என்பதைப் பற்றாளர் கூட்டம் எனலாம்.

வெளியான அன்றே ஒரு படத்தைக் கல்ட் என்று புகழும் வழக்கம் இப்போது மிகுந்திருக்கிறது. அது பொருளற்றது. 'ஆரண்ய காண்டம்' 2011இல் வெளியானபோது திரையரங்குகளில் வெற்றி பெறவில்லை. அறிமுக இயக்குநருக்கும் படத்தொகுப்புக்கும் தேசிய விருதுகள் பெற்ற அப்படத்துக்கு இன்றுள்ள பற்றாளர் கூட்டம் பல ஆண்டுகளில் சேர்ந்தது. ஜார்ஜ் ரொமெரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968) மூன்று பெயர்களுக்கும் உரியது. விநியோகஸ்தர் தலைப்பை மாற்றியபோது காப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப் போனதால் அது பொதுவுடைமையாகி எங்கும் பரவியது. நள்ளிரவுக் காட்சிகள் அதற்குப் பற்றாளரைத் தந்தன. 1999இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றுச் செவ்வியல் ஆயிற்று. அதில் எழுந்து வருபவற்றை ஜோம்பி என்று யாரும் ஓரிடத்திலும் அழைப்பதில்லை. தமிழில் வசனம் எழுதுபவரும் அந்தச் சொல்லைக் கடன் வாங்க வேண்டியதில்லை. நடைபிணம் என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.