ஸ்டால் என்றால் எஞ்சின் நிற்பதல்ல

இங்கிலாந்தின் டோவர் கடற்கரைக்கு மேலே ஒரு பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர் போர்விமானம், அதன் வாலைப் பிடித்தபடி ஒரு ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் 109. 1940-இன் பிரிட்டன் வான்போரை வைத்து எடுத்த சிமுலேட்டர் விளையாட்டு. ஆடுபவர் தப்பிக்கத் திரும்புகிறார், விமானத்தை இயக்கும் கைப்பிடியான ஸ்டிக்கை வயிற்றோடு சேர்த்து இழுக்கிறார். விமானம் உதறுகிறது, ஒரு பக்கம் கவிழ்ந்து சுழன்று விழுகிறது. திரையில் ‘ஸ்டால்’ என்று வருகிறது. உடனே தமிழ் வர்ணனை: “எஞ்சின் நின்றுவிட்டது!” அந்த நேரத்தில் ஸ்பிட்ஃபயரின் மெர்லின் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் உறுமுவது காதில் நன்றாகவே கேட்கிறது. இதே பிழையைப் பல பேரிடம் கேட்டாயிற்று. இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

ஸ்டால் பழைய ஆங்கிலச் சொல். மாடோ குதிரையோ நிற்கும் இடம், அதாவது தொழுவம், அதன் பழைய பொருள்களில் ஒன்று. கண்காட்சியில் நாம் பார்க்கும் ஸ்டாலும் அதே சொல்தான். வண்டி சேற்றில் சிக்கி நிற்பதற்கு அது வினையாகி, அப்புறம் மோட்டார் எஞ்சின் திணறி நிற்பதற்கும் வந்தது. விமானிகள் அதை வேறொரு நிகழ்வுக்கு எடுத்துக்கொண்டார்கள்.

அந்த நிகழ்வு இறக்கையில் நடப்பது. எதிர்வரும் காற்றோடு இறக்கை அமைக்கும் கோணம் ஓர் அளவைத் தாண்டினால், பெரும்பாலும் 15 பாகையை ஒட்டி, மேற்பரப்பைத் தழுவி ஓடும் காற்று பிய்ந்துபோகிறது. விமானத்தை மேலே தாங்கும் தூக்குவிசை சட்டென்று சரிகிறது. எஞ்சினுக்கு இதில் பங்கே இல்லை. எஞ்சின் இல்லாத கிளைடரும் ஸ்டால் ஆகும்.

ஸ்டாலைத் தமிழில் ‘நிறுத்தம்’, ‘இயக்க நிறுத்தம்’ என்று எழுதுபவர்கள் ஒரு சமாதானம் சொல்கிறார்கள்: வேகம் குறைந்து விமானம் காற்றில் நின்றுவிடுகிறது, ஆகவே நிறுத்தம். இதுவும் தவறு. உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பினால் இறக்கை இரு மடங்கு எடையைத் தாங்க வேண்டும். ஸ்டால் ஆகும் வேகம் சுமார் 1.4 மடங்காக உயர்கிறது. நான்கு மடங்கு எடை ஏறினால் அந்த வேகம் இரட்டிப்பாகிறது. சண்டையில் விழுபவர்களில் பலர் நல்ல வேகத்தில் போகும்போதே விழுகிறார்கள், நின்றுபோய் அல்ல.

இன்னொரு சிக்கல் உண்டு. இந்தப் போரில் எஞ்சின் உண்மையாகவே நிற்கும் இடம் ஒன்று இருந்தது. ஸ்பிட்ஃபயரும் அதே எஞ்சின் கொண்ட ஹரிக்கேன் போர்விமானமும் மூக்கைத் திடீரென்று கீழே தள்ளினால் எரிபொருளைக் காற்றோடு கலந்து கொடுக்கும் மெர்லினின் மிதவைக் கார்புரேட்டரில் எரிபொருள் இடம் மாறி எஞ்சின் இருமும், சில நொடி அடங்கும். 109-இல் எரிபொருளை நேரே பீச்சும் முறை இருந்ததால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை. ஃபார்ன்பரோவிலிருந்த பிரிட்டிஷ் விமான ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர் 1941-இல் எரிபொருள் வரத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு சிறு துளைத் தட்டை வைத்து இதைப் பெருமளவு சரிசெய்தார். நல்ல சிமுலேட்டர்களில் இதுவும் இருக்கிறது. ஸ்டாலுக்கு ‘எஞ்சின் நிறுத்தம்’ என்ற சொல்லைச் செலவழித்துவிட்டால் இதை எப்படிச் சொல்வது? ஒன்று ஸ்டிக்கை இழுத்ததால் வருவது, மற்றது தள்ளியதால் வருவது. இரண்டையும் ஒரே சொல்லில் கேட்கும் புதியவர் என்ன கற்றுக்கொள்வார்?

ஜெர்மானியர்கள் இதை ஸ்ட்ரோமுங்ஸ்அப்ரிஸ் என்கிறார்கள்: ஓட்டம் அறுந்துபோதல். பிரெஞ்சில் டெக்ரோஷாஜ்: கொக்கியிலிருந்து கழல்வது. நடப்பதைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். நம்மவர்கள் அகராதியில் கண்ட முதல் பொருளை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் ‘டைவ் பாம்பர்’ எனப்படும் ஜெர்மானிய ஸ்டூக்காவை ‘மூழ்கும் குண்டுவீச்சு விமானம்’ என்று எழுதுவதும் இதே பழக்கம்தான். அது மூழ்கவில்லை, செங்குத்தாகப் பாய்கிறது. பாய்ச்சல் என்ற அருமையான சொல் நம்மிடம் இருக்கும்போது ஏன் இது?

என் பரிந்துரை ‘தூக்கிழப்பு’. தூக்குவிசை இழப்பு என்பதன் சுருக்கம். வினையாகவும் வரும்: இடது இறக்கை தூக்கிழந்தது. தூக்கு என்றதும் தூக்குமேடை நினைவுக்கு வருகிறது என்று ஒரு நண்பர் முகம் சுளித்தார். குழந்தையைத் தூக்குகிறோம், மூட்டையைத் தூக்குகிறோம். தண்டனைக்காக நல்ல வேர்ச்சொல்லைக் கைவிட நான் தயாரில்லை. பிடிக்கவில்லையா, சரி, ஸ்டால் என்றே சொல்லுங்கள். தவறான தூய தமிழைவிட அது எவ்வளவோ மேல்.

ஸ்பிட்ஃபயரின் இறக்கை நுனியை நோக்கிச் சற்றே முறுக்கப்பட்டது. அதனால் அடிப்பகுதியே முதலில் தூக்கிழக்கும், அந்த உதறல் விமானியின் கைக்கு எட்டும், நுனியில் இன்னும் கட்டுப்பாடு மிச்சமிருக்கும். நான் பார்த்த அந்த ஆட்டத்திலும் அது முதலில் உதறத்தான் செய்தது. “தூக்கிழக்கிறது, ஸ்டிக்கைத் தளர்த்து” என்று யாராவது சொல்லியிருந்தால் அந்த விமானம் பிழைத்திருக்கும்.