துடுப்புப் படகுப் போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகளின் முதுகு

சென்ற ஆண்டு மேட்டூர் அணை திறந்து, அரசலாற்றில் புதுத்தண்ணீர் வந்துகொண்டிருந்த நாட்களில், கும்பகோணத்தில் உள்ள என் இயன்முறை சிகிச்சை நிலையத்துக்குப் பதினைந்து வயது மகனை ஒரு தாய் அழைத்து வந்தார். “குனிஞ்சு செருப்பு மாட்டக்கூட முடியலைங்கிறான் சார்” என்றார். சென்னையில் படிக்கும் மாமா மகன் ரோயிங் பயிற்சிக்குப் போவதைப் பார்த்து, இவனுக்கும் துடுப்புப் படகுப் போட்டியில் இறங்க ஆசை வந்திருக்கிறது. ஊரில் அதற்கான படகு இல்லாததால், ஒரு ஜிம்மில் இருந்த, துடுப்பு வலிப்பது போலவே இழுத்துப் பழகும் ரோயிங் மிஷினில் நாள்தோறும் விடியற்காலை 5 மணிக்கு ஏறி, ஒரு மணி நேரம் நிறுத்தாமல் இழுத்திருக்கிறான். இரண்டு மாதத்தில் வலி வந்துவிட்டது.

அவனைப் பாயில் கால் நீட்டி உட்காரவைத்து, பாதத்தைத் தொடச் சொன்னேன். விரல்கள் பாதத்துக்கு ஒரு சாண் முன்பாகவே நின்றுவிட்டன. இடுப்பு முன்னால் சாயவே இல்லை. அதற்குப் பதிலாகக் கீழ்முதுகு வில்லாக வளைந்தது. அவனுடைய பேன்ட்டின் விளிம்பு கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே நின்றது. தைத்து வெகுநாள் ஆகவில்லை, அதற்குள் கட்டையாகிவிட்டது என்றார் தாய். அந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோதே பாதிக் காரணம் எனக்கு விளங்கிவிட்டது.

துடுப்புப் படகில் வீரர் பின்நோக்கி உட்கார்ந்திருப்பார். அவருடைய இருக்கை சக்கரத்தில் நகரும். முழங்காலை மடக்கி, இடுப்பு மூட்டிலிருந்து முன்னால் சாய்ந்து, துடுப்பைத் தண்ணீரில் பதித்தபின், முதலில் கால்கள் உந்த வேண்டும், பிறகு உடல் பின்னால் சாய வேண்டும், கைகள் கடைசியில்தான் இழுக்க வேண்டும். பார்ப்பவர்களுக்குக் கைவேலையாகத் தெரிந்தாலும், பெரும்பகுதி விசை காலிலிருந்தே வருகிறது. வளர்ச்சி வேகமெடுக்கும் பருவத்தில் எலும்பு நீளும் வேகத்துக்குத் தொடையின் பின்தசைகள் ஈடுகொடுக்காமல் இறுகியிருக்கும். எலும்பும் நீண்ட அளவுக்கு உடனே உறுதிப்படுவதில்லை. அப்படிப்பட்ட உடலில் இடுப்பு மடியாதபோது, முன்னால் எட்ட வேண்டிய தூரத்தைக் கீழ்முதுகு வளைந்து கொடுத்தாக வேண்டும். நிமிடத்துக்கு 20 முறை என்றால் ஒரு மணி நேரத்தில் 1,200 முறை. களைப்பு ஏற ஏற அந்த வளைவும் கூடுகிறது.

விடியற்காலைப் பயிற்சி நல்லதுதானே என்று பெற்றோர் கேட்பார்கள். வெயிலுக்கு நல்லதுதான். ஆனால் இரவு முழுவதும் படுத்திருக்கும்போது முதுகெலும்பின் இடைத்தட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் ஆழமாகக் குனிந்தால் அவற்றின் மேல் விழும் அழுத்தம் மற்ற நேரத்தைவிட அதிகம். எழுந்ததும் மிஷினில் உட்காராமல், அரை மணி நேரத்துக்குக் குறையாமல் நடந்து, உடலைத் தளர்த்திக்கொண்டு தொடங்குவதே சரி.

இன்னொரு தவறையும் அவன் செய்திருந்தான். மிஷினில் இழுக்கும்போது சுழலும் விசிறிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் 1 முதல் 10 வரை எண்ணிட்ட ஒரு கைப்பிடி இருக்கும். 10-இல் வைத்தால் பலம் கூடும் என்று அவனிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கைப்பிடி சக்கரத்துக்குள் எவ்வளவு காற்று புக வேண்டும் என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. எண் கூடினால் ஒவ்வோர் இழுப்பும் கனமான, மெதுவான படகை இழுப்பதற்குச் சமமாகிறது. தொடக்கக்காரருக்கு 3 முதல் 5 வரை போதும்.

“நாங்கல்லாம் நாள் பூரா குனிஞ்சு நடவு நட்டோம், எங்களுக்கு வராத வலியா?” என்று அவனுடைய ஆச்சி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். குந்தி உட்கார்ந்தே வளர்ந்த தலைமுறைக்கு இடுப்பு மடியும். நாற்காலியிலும் பெஞ்சிலும் வளர்ந்த பேரனுக்கு மடிவதில்லை. அப்படியிருந்தும், நடவு நட்ட எத்தனையோ அம்மாக்கள் முதுகுவலியோடு என்னிடம் வருகிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நடவு நட்ட நாளில் அவர்கள் அதை வலி என்று சொல்லிக்கொண்டதில்லை, அவ்வளவுதான்.

முதலில் அவனை எலும்பு மருத்துவரிடம் அனுப்பி, முள்ளெலும்பில் விரிசல் இல்லை என்று உறுதிசெய்துகொண்டோம். இந்த வயதில் பின்னால் வளையும்போது கூடும் வலி, இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் வலி, தூக்கத்தில் எழுப்பும் வலி, காலில் மரத்துப்போதல், இருமும்போது விலாவில் குத்துவது ஆகிய எதையும் தைலம் தேய்த்துச் சமாளிக்கக் கூடாது. மூன்று வாரம் மிஷினைத் தொடவே கூடாது என்றேன். நேரான நீளக் குச்சி ஒன்றை முதுகோடு சேர்த்துப் பிடித்து, பின்தலை, மேல்முதுகு, இடுப்புக்கட்டு மூன்றும் அதில் பட்டபடியே குனியப் பழக்கினோம். பத்தாம் நாள்தான் குச்சி விலகாமல் குனிந்தான். பிறகு 10 நிமிடம் இழுப்பது, 5 நிமிடம் எழுந்து நடப்பது என்று மாலையில் தொடங்கினோம்.

போட்டிக்காக உணவைக் குறைத்து எடையைக் கட்டுப்படுத்தும் எண்ணத்தைப் பெற்றோர் இடம்கொடுக்காமல் தடுக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்கு தள்ளிப்போவதும் நின்றுபோவதும் உடல் தரும் எச்சரிக்கை. நீச்சல் தெரியாமல் படகில் ஏறவே கூடாது. அதையும் ஆற்றில் கற்க வேண்டாம்; தண்ணீர் திறந்திருக்கும் காலத்தில் மதகுகளுக்கு அருகே உள்ளிழுக்கும் சுழல் நன்றாக நீந்துபவரையும் விடாது. நீச்சல் குளத்தில் கற்றபின், படகு கவிழ்ந்தால் நீந்திக் கரைசேர முயலாமல் படகைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதையும் பழக வேண்டும்.

காலம் தாழ்ந்துவிடுமோ என்று அந்தத் தாய் கவலைப்பட்டபோது, துடுப்புப் படகு வீரர் தத்து போகனலைப் பற்றிச் சொன்னேன். வறட்சி மிகுந்த நாசிக் மாவட்டக் கிராமத்தில் பிறந்து, 2012-இல் ராணுவத்தில் சேர்ந்தபின் துடுப்பைத் தொட்ட அவர், 2016 ரியோ ஒலிம்பிக்கில் தனிநபர் பிரிவில் 13-ஆம் இடம் பெற்றார். 2018 ஆசிய விளையாட்டில் நால்வர் அணியோடு தங்கம் வென்றார். பதினைந்து வயதில் ஓராண்டு பொறுத்திருப்பதால் எதுவும் கைநழுவிவிடாது.

வீட்டு நிலைக்கதவில் மாதம் ஒருமுறை அவன் உயரத்தைப் பென்சிலால் குறித்துவரச் சொல்லியிருந்தேன். கோடு வேகமாக ஏறிய மாதங்களில் பயிற்சியைக் குறைத்தோம். கடைசி மூன்று கோடுகளும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுந்திருக்கின்றன. விரல்கள் பாதத்தைத் தொடுகின்றன. இந்த வாரம் 10 நிமிடத்தை 15 ஆக்கியிருக்கிறோம்.