கீமோ எடுப்பவருக்குப் பீட்ரூட் சாறு மருந்தல்ல

போன வாரம் சுங்கை சிப்புட்டில் எங்கள் ஃபார்மசிக்கு ஓர் அம்மா வந்தார். இளவயதில் பால்மரம் வெட்டியவர். இப்போது மார்பகப் புற்றுநோய்க்கு ஈப்போவில் கீமோ எடுக்கிறார். கவுண்டரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. கீழிமையை இழுத்துப் பார்த்தேன், வெளிறிப்போயிருந்தது. வாசலிலிருந்து அடுப்படிக்கு நடந்தாலே மூச்சு வாங்குகிறதாம், மூன்று வாரமாக.

"தினமும் பீட்ரூட் சாறு கொடுக்கிறோம், ஏறிடும்னு பார்த்தோம்" என்றார் மகள். ரத்தம் ஏற நல்ல டானிக் ஒன்று வேண்டும் என்றுதான் கேட்டு வந்திருந்தார்கள்.

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. கீமோவில் ரத்தம் குறைவது பெரும்பாலும் சாப்பாட்டுக் குறையால் அல்ல. சிவப்பணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜையையே மருந்து அடக்கிவைத்திருக்கிறது. அடுப்பு அணைந்து கிடக்கும்போது மூட்டை மூட்டையாக அரிசி இறக்கினால் சோறு ஆகுமா? பீட்ரூட்டின் சிவப்பு வெறும் நிறம்தான், அது ரத்தமாக மாறாது. சாப்பிடக்கூடாது என்று சொல்லவில்லை. அதை நம்பி மூன்று வாரம் காத்திருக்காதீர்கள் என்கிறேன். சிலருக்கு இரும்புச்சத்தும் குறைந்திருக்கும், உண்மைதான். அதை உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை பார்த்து மருத்துவர் சொல்லட்டும். அவர் மாத்திரை கொடுத்தால் தே தண்ணீரோடு (தேநீரோடு) விழுங்காதீர்கள். இரும்பு உடம்பில் சேர்வதைத் தே குறைத்துவிடும்.

இன்னொரு பக்கம், கைபேசியைக் காட்டி "ரத்தம் ஊற வைக்கும் ஊசி" கேட்டு வரும் பிள்ளைகள். எப்போயெட்டின், டார்பெபோயெட்டின் என்ற அந்த ஊசிகள் நல்ல மருந்துகள்தான். எந்த மருந்தை யாருக்குக் கொடுக்கலாம் என்று வழிகாட்டும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2008-இல் அவற்றை வெகு சிலருக்கே அனுமதித்தது. 2014-இல் கீமோவால் ரத்தச்சோகை வந்தவர்களுக்குப் பொதுவாகவே பரிந்துரைத்தது. ஆனால் அதற்கு ஒரு வரம்பு உண்டு. ஹீமோகுளோபின், அதாவது சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் பொருள், டெசிலிட்டருக்கு 10 கிராம் அல்லது அதற்கும் கீழே போய், அறிகுறியும் இருந்தால்தான் தொடங்குவார்கள். 12-ஐத் தாண்ட விடமாட்டார்கள். தாண்டினால் ரத்தக்கட்டி ஆபத்து கூடும். சில ஆய்வுகளில் புற்றுநோயே வளர்ந்ததால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2007-இல் கடும் எச்சரிக்கை சேர்த்தது. வெளிநாட்டு வழிகாட்டியை நாம் எடுத்துக்கொள்ளும்போது ஊசியை மட்டும் எடுத்துக்கொண்டு வரம்பை விட்டுவிடக்கூடாது. அப்புறம், அந்த ஊசி வேலை செய்யச் சில வாரம் ஆகும். இன்று மூச்சு வாங்குபவருக்கு இன்று தேவை ரத்தம் ஏற்றுவதுதான்.

டானிக் எதுவும் விற்காமல் அந்த அம்மாவை உடனே மருத்துவமனைக்கு அனுப்பினேன். ஹீமோகுளோபின் 6.8. இரண்டு பை ரத்தம் ஏற்றினார்கள்.

மூச்சு வாங்கினால், படபடத்தால், எழும்போது கண் இருட்டினால் அன்றே கூப்பிடுங்கள். நெஞ்சு வலித்தால் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். கீமோ வார்டின் எண்ணைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள்.

அன்று ஃபார்மசியிலிருந்து கிளம்பும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்து மெதுவாகச் சொன்னார்: "சொன்னா அடுத்த கீமோவ நிறுத்திடுவாங்கன்னு பயந்துட்டேன், ஐயா." ஒரு வாரம் தள்ளிப்போகலாம், அம்மா. தள்ளிப்போனால் போகட்டும். தயவு செய்து சொல்லிவிடுங்கள்.