தரப்படுத்தல் வேறு, தரவரிசை வேறு

போன வாரம் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒருவர் விளம்பரத் தாள் ஒன்றோடு வந்தார். ஹட்டனுக்குப் போனபோது, வெளிநாட்டில் மருத்துவம் படிக்க அனுப்பும் முகவர் ஒருவர் கொடுத்ததாம். மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது. தாளில் கொட்டை எழுத்தில் இப்படி இருந்தது: "வளர்முக நாடுகளின் மருத்துவப் பல்கலைக்கழகங்களுக்கான உலகத் தரப்படுத்தலில் இடம்பிடித்தது."

"தரப்படுத்தியாச்சுனு போட்டிருக்கே தம்பி, அப்ப படிச்சிட்டு வந்தா நம்ம ஆஸ்பத்திரியில எடுத்துக்குவாங்கதானே?" என்று கேட்டார்.

அவர் தப்பாக வாசிக்கவில்லை. அந்தச் சொல் அப்படித்தான் சொல்கிறது. சுத்தப்படுத்தினால் அழுக்கு போய்விட்டது, சமப்படுத்தினால் மேடு பள்ளம் போய்விட்டது, தரப்படுத்தினால் ஒரு தரத்துக்குக் கொண்டுவந்தாயிற்று. யாரோ பார்த்து, சரிசெய்து, முத்திரை வைத்துவிட்டார்கள் என்றுதான் ஒரு தகப்பனுக்குத் தோன்றும். அந்தத் தாள் சொல்ல வந்ததோ வேறு: ஏதோ ஒரு பட்டியலில் இத்தனையாவது இடம், அவ்வளவுதான்.

தாளில் தரப்படுத்தல் ஆகிவிட்ட ஆங்கிலத்து ராங்கிங் என்ற சொல்லுக்கு வேர் பழைய பிரெஞ்சு. அங்கே அதற்கு வரிசை, நிரை என்றுதான் பொருள். வரிசை என்ற சொல் நம்மிடமே இருக்கிறது, தகுதி என்ற பொருளையும் சேர்த்துச் சுமந்துகொண்டு. புறநானூற்றில் (121) கபிலர், "வரிசை அறிதலோ அரிதே; பெரிதும் ஈதல் எளிதே" என்று மலையமானிடம் சொல்கிறார். எல்லாரையும் ஒரே கண்ணால் பார்க்காதே, அவரவர் தகுதியின் படியை அறிந்து கொடு என்பது பொருள். ஆக, வெறும் வரிசையே போதும். கடையில் நிற்கும் வரிசையோடு குழம்ப வேண்டாம் என்பதற்காகத் தரவரிசை என்கிறோம். வினையாக வேண்டுமானால் வரிசைப்படுத்தல். வகுப்பில் பிள்ளையின் இடத்தைக் கேட்க "எத்தனையாம் பிள்ளை?" இருக்கிறது, பெறுபேற்றில் மாவட்ட நிலை இருக்கிறது. சொல்லுக்குப் பஞ்சமே இல்லை.

பத்திரிகைக்கு மொழிபெயர்க்கும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "வகைப்படுத்தல் என்றால் வகை வகையாகப் பிரிப்பது. அதேபோல் தரம் தரமாகப் பிரிப்பது தரப்படுத்தல். இலக்கணத்தில் என்ன பிழை?" என்றார். பிழை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அப்படிப் பிரிப்பதற்கு நம் மலையில் ஏற்கெனவே ஒரு பேச்சு இருக்கிறது. அந்த அண்ணனுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கிற பக்கம் வேலை. பி.ஓ.பி., பெக்கோ, டஸ்ட் என்று சலித்துப் பிரிப்பதைத் தரம் பிரிப்பது என்பார்கள். அது இலையின் அளவைப் பார்த்துப் பிரிப்பது. எந்தத் தோட்டத்துத் தூள் முதலாவது, எது கடைசி என்று அது சொல்லாது. வரிசை என்பது அதைச் சொல்வது.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இந்த நாட்டில் தரப்படுத்தல் என்பது காலியாகக் கிடக்கும் சொல் இல்லை. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்காகப் புள்ளிகளை மொழிவாரியாகச் சரிக்கட்டினார்கள், பிறகு 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. அந்தக் கதை முழுவதற்கும் தமிழில் ஒரே பெயர் தரப்படுத்தல். யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல் கிளப்பும் கோபம் ஒன்று. பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 வீத ஒதுக்கீட்டில் நுவரெலியாவும் பதுளையும் இருப்பதால் இங்கே மலையகத்தில் அதற்கு வேறு முகமும் உண்டு. இரண்டு பக்கமும் இவ்வளவு பாரம் ஏறிய சொல்லை எடுத்து ஒரு பட்டியலின் தலையில் வைப்பது என்ன நியாயம்?

பட்டியலோடு நின்றால்கூடப் பரவாயில்லை. கிரிக்கெட் அணி எத்தனையாவது இடம் என்றாலும் தரப்படுத்தல், நாட்டின் கடன் மதிப்பு இறங்கினாலும் தரப்படுத்தல். கடனுக்குத் தரமதிப்பீடு, அணிக்குத் தரவரிசை, தூளுக்குத் தரம் பிரித்தல், புள்ளிக்குத் தரப்படுத்தல் என்று நாலு சொல் இருக்கும்போது நாலையும் ஒன்றில் போட்டுக் கரைப்பது சோம்பல். செய்தி அறையில் நேரம் இல்லை என்கிறார்கள். தரவரிசை என்று தட்டச்சு செய்ய எவ்வளவு நேரம் ஆகும்?

சரி, அந்த அண்ணனுக்கு வருவோம். உலகப் பட்டியல்கள் 2003இல் ஷாங்காய் ஜியாவோ தொங் பல்கலைக்கழகம் ஒன்றை வெளியிட்ட பிறகுதான் இவ்வளவு பரவின என்று சொன்னேன். கியூ.எஸ். நிறுவனத்தின் மருத்துவப் பாட வரிசை, கல்வியாளர்களிடமும் வேலை கொடுப்போரிடமும் உள்ள பெயரையும், ஆய்வுக் கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்பட்டன என்பதையும் எண்ணுகிறது. ஆய்வுக்குப் பணம் இல்லாத நாட்டுக் கல்லூரி அதில் பின்னால்தான் நிற்கும். 1962இலிருந்து மருத்துவம் கற்பிக்கும் பேராதனை பீடத்து மாணவர்கள் ஆஸ்பத்திரி வார்டில் நோயாளியின் கட்டிலருகே நின்று கற்பதை அந்தக் கணக்கு தொடுவதே இல்லை.

அவர் கேட்ட கேள்விக்கோ வேறு சொல்: அங்கீகாரம். அதைத் தருவது இலங்கை மருத்துவ சபை. வெளிநாட்டில் படித்து வருபவர்கள் இங்கே பதிவுபெற அந்தச் சபையின் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். தாளில் அங்கீகாரம் என்ற சொல் எங்கேயாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இல்ல தம்பி" என்றார்.

தரப்படுத்தலை பென்சிலால் வெட்டித் தரவரிசை என்று எழுதி, அடியில் மருத்துவ சபையிடம் கேட்க வேண்டியதை இரண்டு வரியாகக் குறித்துக் கொடுத்தேன். மகளிடம் காட்டுவதாகச் சொல்லி மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.